சோம்பேறிக் கருந்துளைக்காரர்

தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டுதான் அவர் காப்பி குடிப்பார். முடிவெட்டுபவர் ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவார்: "சார், கொஞ்சம் நேரா உக்காருங்க." இவருக்குக் கோபம் வரும். "நேராத்தானேப்பா உக்காந்திருக்கேன்!" கருந்துளையைச் சுற்றும் வாயு வளையம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று திரையில் பார்த்துப் பார்த்தே கழுத்து அப்படி நின்றுவிட்டது.

கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அளப்பது அவர் பிழைப்பு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. சுற்றிவரும் வாயுதான் கொதித்து எக்ஸ் கதிர் வீசும். கருந்துளை வேகமாகச் சுழலச் சுழல, வாயு உள்ளே விழாமல் இன்னும் கிட்டே நெருங்கலாம். எவ்வளவு கிட்டே என்று தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும். அந்த வேகத்தை ஒரு எண்ணால் சொல்வார்கள்: சுழலாவிட்டால் பூஜ்யம், என்ன குட்டிக்கரணம் போட்டாலும் ஒன்றைத் தாண்டாது.

ஒரே ஒரு கருந்துளையைப் பதினோரு வருடமாக அளக்கிறார். வாயுவின் சூட்டை வைத்து அவர் கண்ட விடை 0.2. "சரியான சோம்பேறிங்க அது" என்பார், வேலைக்குப் போகாத மைத்துனனைச் சொல்வதுபோல. பக்கத்து அறையில், அந்த வாயுவில் கலந்திருக்கும் இரும்பின் ஒளியை வைத்து அதே கருந்துளையை அளப்பவர் அவருடைய மனைவி. அந்த அம்மாளின் விடை 0.9. "அது தலைதெறிக்கச் சுத்துது. நீங்க பாக்குற லட்சணம் அப்படி." சமையலறையில் சுழற்சிப் பேச்சு கூடாது என்று வீட்டில் ஒப்பந்தமே உண்டு. மாமியார்தான் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்: "ஏன் மாப்பிள்ளை, ஒரு சாமான் சுத்துதா, சும்மா கிடக்குதான்னு பாக்கவா ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" இவர் அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள்.

நேற்று மதியம் வந்தது வினை. வேறொரு குழு அந்தக் கருந்துளையின் தூரத்தைப் புதிதாக அளந்து அனுப்பியிருந்தது. எல்லோரும் நினைத்ததைவிட அது பக்கத்தில் இருக்கிறதாம். இரும்புக் கணக்குக்குத் தூரம் தேவையில்லை. சூட்டுக் கணக்குக்கோ அதுதான் அஸ்திவாரம். 0.2 என்று அடித்துச் சொல்லும் அவருடைய கட்டுரை மாலை ஐந்து மணிக்குள் ஆய்விதழுக்குப் போயாக வேண்டும். பழைய தூரத்தோடு அனுப்பினால் ஒரு வருடத்துக்காவது யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

புதிய தூரத்தைப் போட்டுப் பார்த்தார். 0.88. கணினியை அணைத்து மறுபடி போட்டார். 0.88. நாற்காலியை மாற்றினார். பென்சிலால் கணக்குப் போட்டார். விடை அசையவில்லை. ரொம்பப் பாவமாக இருந்தது அவருக்கு. பதினோரு வருடமாக ஒரு அப்பாவியைச் சோம்பேறி என்று ஏசியிருக்கிறார்!

கட்டுரையை அனுப்பவில்லை. எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். பத்தடி தூரம்; போய்ச் சேர இருபது நிமிடம்.

"என்னங்க, புதுத் தூரம் போட்டுப் பாத்தீங்களா? எவ்வளவு வந்துச்சு?" மனைவி நாற்காலியைத் திருப்பினார்.

இவர் இரண்டு கைகளையும் தூக்கி ஒன்பது விரல்களை விரித்துக் காட்டினார். மனைவியின் முகத்தில் சிரிப்பு அரும்பியதும், ஒன்பதாவது விரலை மட்டும் நூலளவு மடக்கினார்.