மாப்பிள்ளை மிதித்த கிளாஸ்

மணவறையில் மாப்பிள்ளை கிளாசை மிதித்து உடைத்ததும் நான் இரண்டு காலையும் நாற்காலியில் தூக்கி வைத்துக் குந்திவிட்டேன். தொப்பையும் கழுத்துப்பட்டியுமாக, ஐம்பதை நெருங்கும் ஒரு மடையன்.

"காலை இறக்கடா, சனம் பாக்குது," என்றார் பக்கத்தில் இருந்த அம்மா.

ஹனோவரில் என்னோடு வேலை செய்யும் யூத நண்பனின் கல்யாணம் அது. கிளாசைத் துணியில் சுற்றித்தான் மிதித்தான். மகிழ்ச்சியிலும் எருசலேமில் இடிந்த ஆலயத்தை மறக்கக் கூடாதாம். "உடையும் என்று தெரிந்தே குடும்பத்தைக் கட்டுங்கள்," என்றார் மதகுரு.

எங்கள் வீட்டில் துணியெல்லாம் சுற்றுவதில்லை. ஊரை விட்டு இங்கே வந்த எண்பத்தைந்தாம் ஆண்டில், அகதி விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. ஈரக் கம்பளியும் வெங்காயமும் மணக்கும். வேலை செய்ய அனுமதியில்லாத அப்பா நாள் முழுக்க யன்னலோரம் இருப்பார். திடீரென்று கையிலிருக்கும் கிளாசைச் சுவரில் எறிவார்.

"காலைத் தூக்கு மோனை," என்பார் அம்மா. நான் கட்டிலில் குந்துவேன், அவர் கூட்டுவார்.

வெளியே பனி கொட்டிய ஒருநாள் அம்மா கூட்டவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன். வாசலில் வெகுநேரம் நின்றவர், கோட்டைக் கழற்றிவிட்டுத் தும்புத்தடியை எடுத்துக் கூட்டினார்.

அதுதான் காதல் என்று என் கல்யாணத்தில் மைக் பிடித்துப் பேசி, சபையை அழவைத்தவன் நான்.

"அம்மா, அண்டைக்கு அப்பாவிலை இருந்த பாசத்திலைதானே நிண்டனீங்கள்?" என்று இப்போது காலை இறக்கிக்கொண்டே கேட்டேன்.

"பனிச் சப்பாத்து ஒரு சோடிதான் இருந்தது, அதைக் கொப்பர் போட்டிருந்தவர்."