கஜேந்திரன் அண்ணாவின் வலது கை

கஜேந்திரன் அண்ணா இன்னைக்கு விடியற்காலையில் போய்ட்டார். மறுபடியும் ஸ்ட்ரோக். செவிலிமேட்டில் அவர் வீட்டுக்குப் போய்ட்டு இப்போதான் வந்தேன்.

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை எடுத்த பல பேருக்கு அவர் முகம் தெரிஞ்சிருக்கும். வெள்ளை மெத்தை மேல உட்கார்ந்து, ஒரே வீச்சில் முந்தானையை விரிச்சுக் காட்டுவாரே... அவர்தான்.

எனக்கு அவர் பழக்கமானது வேற இடத்தில். நரம்பு டாக்டர் ஒருத்தரோட கிளினிக் மாடியில் நான் தியான வகுப்பு எடுக்கிறேன். மூளைக்கு மாத்திரையும் வேணும், மனசு அடங்குறதும் வேணும்னு டாக்டரே ஆள் அனுப்புவார். அண்ணா பிபிக்கும் மறதிக்கும் வந்தவர்.

கண்ணை மட்டும் மூடவே மாட்டார். கேட்டா, "கண்ணை மூடினா கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் பூடுவாங்க மேடம்" என்பார். ஹால் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் எங்கே தியானம்...

யாராவது கால் மரத்துப்போச்சுன்னு நெளிஞ்சா, "இதுக்கேவாப்பா? எங்க மெத்தைல வந்து ஒரு முகூர்த்த சீசன் உக்காந்து பாரு!"

அதனாலயோ என்னமோ... போன வருஷம் ஒரு நாள், வகுப்பு நடுவில் அவர் மெதுவா, "மேடம், மரத்துக்கினு வருது" என்றப்போ நான் கண்ணைத் திறக்கலை. எல்லாருக்கும் சொல்றதையே சொன்னேன்.

"அப்படியே கவனிங்க. விட்டுடுங்க."

அவரும் கவனிச்சிருக்கார். மணி அடிச்சு எல்லாரும் எழுந்தப்போ அவரால வலது கையைத் தூக்க முடியலை. வாய் ஒரு பக்கமா இழுத்திருந்தது.

கீழே டாக்டர், "எப்போ ஆரம்பிச்சது? ஏன் சொல்லல?"ன்னு கத்தினார். அண்ணா குழறிக்கிட்டே, "உக்காந்ததுல மரத்துச்சுன்னு நான்தான் சும்மா இருந்துட்டேன் சார்" என்றார்.

"இல்ல சார், என்கிட்ட சொன்னார்" என்றேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

பிழைச்சார். புடவை விரிக்கிற கை மட்டும் திரும்பலை. கடை வாசலில் நின்னு "வாங்கம்மா, உள்ள வாங்க" சொல்ற வேலை கொடுத்தாங்க.

வகுப்புக்கும் திரும்ப வந்தார். அதுக்குள்ள நான் ஒரு வழக்கம் ஆரம்பிச்சிருந்தேன். கண்ணை மூடச் சொல்றதுக்கு முன்னாடி, "கை மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கத்துங்க. தியானம் கெட்டா கெடட்டும்."

உடனே அண்ணா இடது கையைத் தூக்குவார். "நம்மளாலதாம்பா இந்த ரூல்!"

அவர் சிரிப்பார். நான் மணியைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்குவேன்.

இன்னைக்கு அவர் பொண்ணு என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. அப்புறம், "குக்கர் விசில் அடிச்சாக்கூட அம்மாகிட்ட 'அப்படியே கவனி, விட்டுடு'ன்னு கிண்டல் பண்ணுவாரு மேடம்"னு சொல்லிச் சிரிச்சா. அவங்க அம்மாவும் அழுகையோட சிரிச்சாங்க.

எல்லாம் தெரிஞ்சும் யாரும் என்னைக் குத்தம் சொல்லலை. திட்டியிருக்கலாம்.

"அப்பாவுக்காக எல்லாரையும் கொஞ்ச நேரம் தியானத்துல உட்கார வைங்க மேடம்."

வச்சேன். எல்லாரும் கண்ணை மூடினாங்க. என்னால முடியலை... ஐஸ் பெட்டிக்குள்ள அந்தக் கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

போய்ட்டு வாங்கண்ணா.

எங்கேண்ணா மரத்துப்போகுது? கையா, காலா? காட்டுங்க.