காவலரணின் முன் ஆடிய ராணி

யுத்த காலத்தில் ஒரு சித்திரை வருடப்பிறப்புக்கு நானும் மனைவியும் பழுகாமத்திலிருந்து வாவியைக் கடந்து, களுவாஞ்சிக்குடியில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே வினோத உடையில் சோடியாக ஓடும் அரை மரதன் போட்டி வைத்தார்கள். அக்கா கூத்து உடுப்புகளை இரவல் வாங்கித் தந்தார். நான் ராசா, அவள் ராணி. இருவர் காலிலும் சதங்கை.

எல்லோருக்கும் பின்னால் மூச்சிரைக்க ஓடிய நாங்கள், இடம் தெரியாமல் பிழையான ஒழுங்கையில் திரும்பி, இராணுவக் காவலரணுக்கு நேரே போய்விட்டோம். சிப்பாய் துப்பாக்கியை நீட்டிச் சிங்களத்தில் கத்தினான். அடையாள அட்டையைக் காட்டினால் விட்டுவிடுவான் என்று நினைத்து, நான் உடுப்புக்குள் கையை விட்டேன்.

"ஐயோ, கைய வெளிய எடுங்க! குண்டெண்டு நினைச்சுச் சுடப்போறான்!" என்றாள் மனைவி. அடுத்த கணம் இரு கைகளையும் உயர்த்தி, அந்தத் தெருவிலேயே ஆடத் தொடங்கினாள்.

எங்கள் ஊர்க் கூத்தில் ராணி வேடமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். அவள் ஆடி நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் சதங்கை ஓரடிகூடப் பிசகவில்லை. சிப்பாய் வாய் பிளந்து பார்த்தான். நானும்தான். துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. சிரித்தபடி, திரும்பிப் போகும்படி கையைக் காட்டினான்.

"எங்க புள்ள பழகின நீ?" என்று வழியில் கேட்டேன்.

"கூத்துக் களரியில பாத்ததுதான். நீங்க நித்திரை கொள்ளக்குள்ள நான் விடிய விடிய பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

அன்றிலிருந்து அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுத்தான் வெளியே போகிறேன். கூத்து என்றால், விடியும்வரை கண் மூடுவதில்லை.