பீட்ரூட் சாறு

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பார்த்த வேலைகளில் சமையல்தான் அதிகம். எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. கேரளத்துத் தம்பானூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் எட்டு மாதம் இருந்தேன். நடத்தியது நாகர்கோவில் பக்கத்துப் பெண். கணவர் வளைகுடாவில். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு.

சாப்பிடும் இடத்தில் எந்நேரமும் டிவி ஓடும். சண்டைப் படம் என்றால் டிரைவர்களும் கண்டக்டர்களும் இன்னொரு சாயா சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குழந்தை நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, டிவிக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதும்.

ஒருநாள் சமையலறைக்கு ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, டிவியில அந்த ஆளுக்குத் தலையில ரத்தம். செத்துருவாரா?"

நான் பச்சடிக்குப் பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தேன். சிவந்த கையை நீட்டினேன்.

"இந்தா, எனக்கும்தான் ரத்தம். எல்லாம் பீட்ரூட் சாறு மக்ளே. அடி வாங்கினவன் எந்திரிச்சுப் போய் சாயா குடிப்பான்."

என் விரலை மோந்து பார்த்துச் சிரித்தாள். அதன்பின் எந்தச் சண்டைக்கும் அவள் பயப்படவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டதாக நானும் நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரின் மகனுக்கும் அவள் வயதுதான். இரண்டும் சேர்ந்துதான் விளையாடும். ஒரு சாயங்காலம் அலறல் கேட்டு வெளியே வந்தேன். பையன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தான். அவள் சப்பாத்திக் கட்டையோடு, அவன் எழுந்திருப்பதற்காகக் காத்து நின்றாள். பிறகு குனிந்து, அவன் கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு கரிக்குது மாமா" என்றாள்.

மூன்று தையல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அம்மா கரண்டியை ஓங்கினார். "இதெல்லாம் எங்கடி படிச்சே?" பிள்ளை என்னைப் பார்த்தது.

"பீட்ரூட்டுன்னு நான்தான் சொல்லிவச்சேன்" என்றேன்.

கரண்டி இறங்கியது. "நல்லாருக்கு அண்ணாச்சி! சமைக்க வந்தியளா, கதை விட வந்தியளா?"

மறுநாள் நாலு மணிக்கு அந்த அம்மாவே டிவியை நிறுத்தினார்.

"எந்தா சேச்சி, கரண்டு போயோ?" என்றார் ஒரு கண்டக்டர்.

"சண்டை பாக்கணும்னா உங்க பஸ்ஸுலயே பாருங்க சாரே. சில்லறை கேட்டாப் போதும், தொடங்கிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கண்டக்டரும்தான். ஆனால் இரண்டாவது சாயா சொல்லவில்லை.

பையன் கட்டோடு வந்தபோது அவள் கிட்டே போய், தொடாமல், வலிக்கிறதா என்று மலையாளத்தில் கேட்டாள்: "வேதனிக்குன்னுண்டோ?"

"குறச்சு" என்றான்; கொஞ்சம்தானாம். கொஞ்ச நேரத்தில் இருவரும் பழையபடி விளையாடினார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அங்கே இருந்தேன். என்னிடமும் அவள் பழையபடிதான் வந்து நின்றாள். ஆனால் "சாம்பார்ல காரமே இல்ல மக்ளே" என்று நான் சொன்னால், ஒரு சொட்டு விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் தட்டை நீட்டுவாள்.