பீரங்கி வண்டிக்கு டயர் மாற்றிய நாள்

எங்கள் வீட்டுக்கு வந்த டிராக்டர் அதற்கு முன்னால் பீரங்கி இழுத்துக்கொண்டிருந்தது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து வண்டிகளையெல்லாம் திருச்சிப் பக்கம் ஒரு பொட்டலில் வரிசையாக நிறுத்தி ஏலம் விட்டார்கள். பட்டாளத்தில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியிருந்த சித்தப்பா, அப்பாவை அழைத்துக்கொண்டு போய் அதை எடுத்து வந்தார். பேருக்குத்தான் டிராக்டர். பார்வைக்கு மூக்கை நறுக்கிவிட்ட லாரி மாதிரி இருக்கும். பின்னால் இரும்புக் கலப்பையைக் கோத்துவிட்டால், எங்கள் சரளைக் காட்டை அது உறுமிக்கொண்டே புரட்டிப் போடும். ஊரில் அதற்குப் பீரங்கி வண்டி என்றுதான் பெயர்.

பொன்னமராவதிக்குக் கிழக்கே எங்கள் ஊர். மழை ஓய்ந்த மறுநாள் ஏர் இறங்கினால் உண்டு. இல்லாவிட்டால் மண் இறுகி, கொழுவைத் திருப்பி எறிந்துவிடும். அதனால் வண்டி வந்த வருஷமே கடலை விதைப்பு ஊருக்கு முன்னால் எங்களுக்கு முடிந்துபோயிற்று. வண்டி வேண்டாம் என்று கடைசி நிமிஷம் வரை மல்லுக்கு நின்ற அப்பா, அதன் பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து போனார். யாராவது நின்று பார்த்தால், பார்க்காதவர் போல வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வயது வித்தியாசம் அதிகம். தாத்தா இறந்தபோது சித்தப்பா கைக்குழந்தையாம். அப்பாதான் தூக்கி வளர்த்தார், பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோது கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். தான் வளர்த்த பிள்ளை தனக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறது என்பதை மட்டும் அவரால் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. சித்தப்பா வண்டியைப் பற்றி எதைச் சொன்னாலும் அப்பாவின் பதில் ஒன்றுதான்: "தெரியும்டா."

இரண்டாம் வருஷக் கோடையில் பனந்தோப்பை அழித்த புதுக்காட்டில் ஓட்டும்போது, மண்ணுக்குள் கிடந்த பனைத்தூர் முன்சக்கரம் இரண்டையும் கிழித்துவிட்டது. மாடு முட்டிபோட்டதுபோல வண்டி தலையைக் கவிழ்த்துக்கொண்டு களத்தில் நின்றது. நாலு டயர் வேண்டும் என்றார் சித்தப்பா.

"கிழிஞ்சது ரெண்டு. அதுக்கு எதுக்குடா நாலு?" என்றார் அப்பா.

"இது நாலு சக்கரமும் சேந்து இழுக்கிற வண்டிண்ணே. முன்னால புதுசும் பின்னால தேஞ்சதுமாப் போட்டா, அது ஒரு உயரம் இது ஒரு உயரமாப் போயிரும். உள்ள இருக்கிற பல்லுச் சக்கரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி நொறுங்கிரும்."

"பின்சக்கரம் நல்லா கல்லு மாதிரி இருக்கு. அதைப் போயி அவுக்கணுங்கிற."

ஆனாலும் நாலு டயர் வந்தது. திருச்சியிலிருந்து பஸ் கூரையில் புதுக்கோட்டை வரைக்கும், அங்கிருந்து மாட்டு வண்டியிலும் வந்து இறங்கியது. களம் முழுவதும் ரப்பர் வாசனை. நான் ஒரு டயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வெளியே தலை தெரியவில்லை என்று ஆத்தா சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆத்தா என்றால் அம்மா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

மறுநாள் காலையில் வேலை ஆரம்பமாயிற்று. ஆத்தா களத்தின் ஓரத்தில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோழி விரட்டும் உத்தியோகம் எனக்கு.

அந்த வண்டியின் சக்கரம் ஒரே வார்ப்பாக இராது. இரண்டு பெரிய இரும்புத் தட்டுகள், இரண்டு தாம்பாளங்களை முதுகோடு முதுகு ஒட்டவைத்ததுபோல. அவை இரண்டும் சேர்ந்து டயரைக் கவ்விக்கொண்டிருக்கும். உள்வட்டத்து நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் வண்டியை விட்டு வரும். வெளிவட்டத்து நட்டுகள்தான் இரண்டு தட்டுகளையும் இறுக்கிப் பிடித்திருப்பவை. அவற்றுக்குப் பட்டாளத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்கள் வண்டியில் சேறு ஏறி, உரிந்து, அங்கங்கே ஒரு பொட்டுச் சிவப்பு மிச்சம் இருந்தது.

கிழிந்த சக்கரம் இரண்டையும் சித்தப்பா முதலில் கழற்றினார். தரையில் படுக்கப்போட்டு, சிவப்பு நட்டுகளைத் திருகி எடுத்து, மேல் தட்டைத் தூக்கி, பழைய டயரை உருவிப் போட்டார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். உச்சி வெயிலுக்கு முன்பே முன்பக்கம் முடிந்துவிட்டது. அப்புறம் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் படுக்கப்போட்டார்கள். அதில் ஏறப்போகிற புது டயருக்குள் போட ஒட்டுப்போட்ட ட்யூப் ஒன்று இருந்தது. ட்யூபில் காற்று கசிகிறதா என்று தண்ணீரில் முக்கிப் பார்க்க சித்தப்பா கிணற்றடிக்குக் கிளம்பினார். கிளம்பியவர் நின்று திரும்பினார்.

"அண்ணே, இந்தச் சக்கரத்துல காத்து இருக்கு. நான் வந்து காத்தைப் புடுங்கிவிட்ட பெறகுதான் செவப்பு நட்டைத் தொடணும். அதுவரைக்கும் தொட்டுறாதீங்க."

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா. நீ போ."

இதை நான் கேட்டேன். மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்த ஆத்தாவும் கேட்டாள். கேட்டதும் தலையை நிமிர்த்தி ஒரு தரம் அப்பாவைப் பார்த்தாள்.

வெற்றிலையை மென்று முடிக்கும் வரை அப்பா பொறுத்திருந்தார். கிணற்றடிக்குப் போன சித்தப்பாவை இன்னும் காணோம். அப்பா நீளக்கைப்பிடிச் சாவியை எடுத்தார். சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காலையில் பார்த்ததுபோலவே, ஒரு நட்டு, அதற்கு எதிர்த்த நட்டு என்று திருக ஆரம்பித்தார். நன்றாகத்தான் செய்தார். தம்பி வருவதற்குள் முடித்துவைத்துவிட வேண்டும் என்ற குஷி அவர் முகத்தில் இருந்தது. ஆத்தா, "தம்பி வந்துரட்டுமே" என்றாள். அப்பா அடுத்த நட்டில் சாவியை மாட்டினார்.

அடுத்து நடந்ததைச் சத்தம் என்று சொன்னால் சரியாக இராது. யாரோ என் நெஞ்சில் கையை வைத்துப் பின்னால் தள்ளியதுபோல இருந்தது. நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். களத்து மண் முழுவதும் எழுந்து மேலே நின்றது. அதற்குள்ளே மிளகாய்கள் சிவப்பு சிவப்பாகப் பறந்துகொண்டிருந்தன. வேப்பமரத்துக் காக்கைகள் ஒட்டுமொத்தமாக எழும்பின, ஆனால் ஒன்றுகூடக் கரையவில்லை. ஆத்தா வாயை அகலத் திறந்து வைத்திருந்தாள். அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த நேரத்தில், வானத்திலிருந்து ஓர் இரும்புத் தட்டு சுழன்றுகொண்டே வந்து மாட்டுத் தொழுவத்துக் கூரையில் விழுந்தது. கூரை மடங்கி உள்ளே போனதைப் பார்த்தேன். அதுவும் சத்தமில்லாமல் போயிற்று. கயிற்றை அறுத்துக்கொண்டு பசு ஒன்று என்னைத் தாண்டி ஓடியது.

மண் அடங்கியதும் அப்பா தெரிந்தார். எங்கே குந்தியிருந்தாரோ அதற்கு நாலு முழம் தள்ளிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சக்கரத்துக்கு மேலே குனியாமல் பக்கவாட்டில் இருந்ததால் தலை தப்பியது என்று பின்னால் சொன்னார்கள். தெறித்த சாவி வலது கையில் அடித்திருந்தது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, மனிதர்களுக்கு மடங்காத இடத்தில், அந்தக் கை மடங்கியிருந்தது. அதை அவர் யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வந்து கழுத்தில் இறங்கியது. வாயோரத்தில் வெற்றிலைச் சாறு. எது வெற்றிலை, எது ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. என் அப்பா அழுதால்கூடப் பயந்திருக்க மாட்டேன். அவர் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

சித்தப்பா தோளில் ஈர ட்யூபோடு ஓடி வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பலகைத் துண்டு ஒன்றை வைத்து, தன் வேட்டியைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினார். எனக்கு மெள்ள மெள்ளச் சத்தங்கள் திரும்பின. முதலில் சில்வண்டு மாதிரி ஓர் இரைச்சல், அதற்குள்ளிருந்து ஆத்தாவின் ஓலம். ஊரே களத்தில் கூடிவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். மாட்டு வண்டியைக் கொண்டுவந்து வைக்கோல் போட்டு அப்பாவை ஏற்றினார்கள்.

வண்டியில் சாய்ந்ததும்தான் அப்பா வாயைத் திறந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"ஏன் எல்லாரும் பேசாம நிக்கிறீங்க? யாராச்சும் ஏதாச்சும் பேசுங்களேன்."

கத்திக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் நிஜமாகவே வாயை மூடினார்கள். சித்தப்பா அண்ணனின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

மெயின் ரோட்டில் பஸ்ஸைப் பிடித்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆத்தாவும் சித்தப்பாவும் அங்கேயே தங்கிவிட்டார்கள். என்னை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். ஊரில் தினம் ஒரு கதை. பீரங்கி வண்டிக்குள் பட்டாளத்து வெடி ஒளிந்திருந்தது என்றார்கள். பர்மாவில் செத்த சிப்பாயின் ஆவி வண்டியோடு வந்திருக்கிறது என்றார்கள். நான் அவர்களிடம் சிவப்பு நட்டைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஆவியின் முன்னால் நட்டு எடுபடவில்லை.

அப்பா திரும்பி வந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டில் கூடினார்கள். அப்பா உள்கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. அது இனிமேல் கலப்பை பிடிக்காது. காது திரும்பவில்லை. வாயைப் பக்கத்தில் வைத்துக் கத்தினால் ஒன்றிரண்டு வார்த்தை புரியும். யார் முகம் அசைந்தாலும் அந்த முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னமராவதியிலிருந்து வந்திருந்த மாமா, ஆத்தாவின் அண்ணன், சித்தப்பாவைக் கூடத்துக்கு நடுவில் நிற்கவைத்துக் கேட்டார்.

"ஏம்ப்பா, அதுல காத்து இருக்கு, தொட்டா வெடிக்கும்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சும் எங்க மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்.

"சொல்லலை. நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெடித்த அன்றுகூட அப்படி இல்லை. தப்பாகக் கேட்டுவிட்டேனா என்று ஆத்தாவைப் பார்த்தேன். தூணோரம் நின்ற ஆத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா குரலை உயர்த்தினார். வண்டியை வந்த இடத்துக்கே அனுப்பிவிட வேண்டும், அதைக் கொண்டுவந்தவனும் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இனிமேல் இந்த வீட்டு வேளாண்மையில் அவன் கை படக்கூடாது என்றார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவர் பயந்துபோய் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவரைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆள் இல்லை. கூட்டத்துக்குள் புகுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"சித்தப்பா சொன்னாரு! காத்து இருக்கு, செவப்பு நட்டைத் தொடாதீங்கண்ணேன்னு சொன்னாரு. நான் கேட்டேன். ஆத்தாவும் கேட்டுச்சு. அப்பாதான்..."

அறை விழுந்தது. அடித்தவர் மாமா இல்லை, சித்தப்பா. 'தாயி' என்றல்லாமல் என்னை வேறெப்படியும் கூப்பிடாதவர், பட்டாளத்திலிருந்து வந்த அன்று என்னைத் தோளில் வைத்து ஊரைச் சுற்றியவர். என் வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்த கை அந்தரத்திலேயே நின்றது. அவர் முகம் வெளுத்திருந்தது. அழக்கூட மறந்து நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் பெரிதாகக் கேட்டது.

"என்னடா? புள்ள என்ன சொல்லுது?"

சித்தப்பா அவரிடம் போனார். குனிந்து, அண்ணனின் காதுக்குள் வாயை வைத்து, கூடம் முழுவதும் கேட்கும்படி கத்தினார்.

"பசிக்குதாம்ண்ணே!"

அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். ஆத்தாவைப் பார்த்தார். பிறகு, "சரி, போடு. இங்கிட்டுக் கொண்டாந்து போடு, எம் பக்கத்துல ஒக்காந்து திங்கட்டும்" என்றார்.

ஆத்தா தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தாள். எனக்குப் பசிக்கவே இல்லை. ஆனாலும் சித்தப்பா என்னைப் பார்த்த பார்வைக்காக ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன். கன்னம் எரிந்ததால் ஒரு பக்கமாகவே மென்றேன். பெரியவர்கள் ஒவ்வொருவராக முற்றத்துக்கு எழுந்து போனார்கள்.

அப்பா இடது கையை நீட்டி என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். கன்னத்தில் பதிந்திருந்த விரல் தடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து அடுப்படிக்கு ஓடி, அப்பாவுக்குக் கை ரொம்ப வலிக்குதாம், எண்ணெய் காய்ச்சிக் கொண்டா என்று ஆத்தாவை அவசரப்படுத்தினேன்.