ரீபாவின் மனம் பந்தியில் இருந்தது

ரீபா இட்லியை ரசத்தில் ஊறவைத்து, கட்டி இல்லாமல் விரலால் மசித்துக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில், நர்ஸான நான் நோயாளியின் முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டப் போகிற வீடு அது. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட மாமியார் சாரம்மாளுக்கு அந்தக் கூழ்தான் சாப்பாடு. ஒரு ஸ்பூன் ஊட்ட வேண்டும். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

மறுநாள் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊர் வேதக்கோயிலில் அசனம். சபையார் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்கிற பந்தி. மாமியார் படுத்ததிலிருந்து ரீபா அதற்குப் போகவில்லை. இந்தத் தடவையாவது போக வேண்டும். யாரிடம் விட்டுவிட்டுப் போவது? கேட்க வாய் வரவில்லை. அதனால் நாள் முழுக்க மனதுக்குள் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்குவாள், வாய்க்கால் பாலம் தாண்டுவாள், சேலையைச் செருகிக்கொண்டு குழம்பு வாளியைத் தூக்குவாள். அதற்குள் சாரம்மாள் இருமுவார். திரும்பி வந்து பார்த்துவிட்டு, மறுபடி பஸ்ஸிலிருந்து தொடங்குவாள்.

இதைக் குறை சொல்லமாட்டேன். மலத்துணி அலசும்போது முகம் சுளிக்காமலிருக்க அவளுக்கு அதுதான் கைகொடுத்தது. அப்படிப் போய்வரத் தெரியாதவர்கள் நோயாளியைக் கிள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ரீபா குரலைக்கூட உயர்த்தியதில்லை. ஆனால் ஊட்டும் நேரம் வேறு.

அவள் ஊர் அசனத்தில், இலை காலியாகும்வரை பரிமாறுகிறவர் காத்திருந்தால் குறைச்சல். கேட்குமுன் வைத்துவிட வேண்டும். அன்று சாயங்காலம் அவள் கை அதையே செய்தது. முதல் வாய் இறங்குமுன் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது.

சாரம்மாளுக்குப் புரை ஏறியது. கண் பிதுங்கியது. சென்னையிலிருந்து வந்திருந்த நாத்தனார் ஸ்வீட்லின் அலறினாள். ரீபா மாமியாரை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கித் தட்டினாள். கூழ் மடியில் விழுந்து மூச்சு வந்தது.

"எங்கம்மையக் கொல்லப் பாக்கியா? இங்கன இருந்தா பிழைக்க மாட்டா. சென்னையில ஹோமுல சேக்கப் போறேன்" என்று ஸ்வீட்லின் கத்தினாள்.

"தப்புதான் மைனி. கை இங்கன இருந்துச்சு, நான் அங்கன அசனத்துல பரிமாறிக்கிட்டு இருந்தேன்."

கோணிய வாயால் சாரம்மாள் சிரித்தார். "ஏட்டி, அசனம்னா கறியில்ல வைக்கணும்? வெறும் இட்லியப் போட்டுத் திணிக்கே!"

ரீபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பூனைக் கழுவிக் கொண்டுவந்து ஸ்வீட்லினிடம் நீட்டினாள்.

"நாளைக்கு நீங்க ஊட்டுங்க மைனி. நான் ஊருக்குப் போயிட்டு, பொழுது அடைய வந்துருதேன்."

"நானா? எனக்குப் பழக்கமில்லலா?"

"எனக்கும் பழக்கமாவா இருந்துச்சு?"

"போயிட்டு வரட்டும் விடுளா" என்றார் சாரம்மாள். "போகாம இருந்தாத்தான் எனக்கு ஆபத்து."

மறுநாள் காலையில் ரீபா மாமியாரைத் துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, தலையணை அண்டைகொடுத்து உட்காரவைத்தாள். இட்லி மசித்துக் கிண்ணத்தில் வைத்தாள். ஸ்வீட்லின் ஒரு வாய் ஊட்டிவிட்டு, இமைக்காமல் தாயின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இறங்கியது. ரீபா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் உட்கார இடமில்லை, நின்றுகொண்டே போனாள்.