கரண்டு வரும்வரை

எங்கள் கூடலுக்குத் தலைவர் கிடையாது, கட்டணம் கிடையாது, மேடையும் கிடையாது. அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் வருடத்துக்கு ஒரு ஊரில், ஒரு நாள் கூடுவோம். வேலையை எல்லாம் நாங்களே இழுத்துப்போட்டுச் செய்வோம். மதுரை, திருச்சி என்று சுற்றிவிட்டுப் போன வருடம் கோவைக்கு முறை வந்தது. "நான் நடத்துகிறேன்" என்று கையைத் தூக்கியவள் கோவைக்குப் பக்கத்துச் சோமனூர்க்காரியான நான். விசைத்தறி ஓட்டுகிற குடும்பம் எங்களுடையது.

இலவசம் என்றாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சந்தேகம்தான். ஆள் சேர்க்கும் திட்டங்களில் ஏமாந்த அனுபவம் அப்படி. பக்கத்துத் தறிக்காரர் கேட்டார்: "ஏனுங் அம்மணி, எத்தன பேரச் சேத்துவுடோணும்? கடைசில என்னத்த விப்பாங்க?"

ஒன்றும் விற்க மாட்டோம், கதை பேசுவோம் என்றேன்.

"கதை பேசறதுக்கு மெட்ராஸ்ல இருந்து பஸ் ஏறி வாராங்களா?" என்று சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சுருக்கென்றது. காதுகுத்துக்குப் போனால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் பேசப் போனால் மட்டும் காரணம் சொல்ல வேண்டுமாம்!

கோவையில் ஒரு மண்டபக்காரர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். கூடலுக்கு முந்தின வாரம் கூப்பிட்டு நிபந்தனை போட்டார். அவருக்கு வேண்டிய பெரிய மனிதர் ஒருவர் குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்திக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசுவாராம்.

"அவரு கதை படிப்பாருங்களா?"

"அவருக்கு ஏதுங்கம்மா நேரம்?"

"அப்ப அவரு பேச்சுக் கேக்க எங்களுக்கும் நேரமில்லீங்க."

"ஏம்மா இப்படிக் கத்தறீங்க? எடம் இல்லீங்க. வேற பாத்துக்குங்க."

நான் கத்தவில்லை. என் குரலே அப்படித்தான். தறிச் சத்தத்துக்கு நடுவில் காலம் தள்ளுகிறவளுக்கு வேறெப்படி வரும்? எங்கள் குழு போனில் பேசும்போதும், "அக்கா, போனைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பேசுங்க" என்பதுதான் எனக்குக் கிடைக்கும் முதல் மரியாதை.

விஷயம் தெரிந்து சென்னைத் தம்பி ஒருவன் கூப்பிட்டான். "விடுங்கக்கா, இந்த வருஷம் இங்கேயே வெச்சுக்கலாம். கோயம்புத்தூர் அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' வரவே வராது என்று எனக்குத் தெரியும். முதல்முறையாக என் கதையை நாலு பேர் முன்னால் வாசிக்கப் போகிறேன் என்று அடுப்படியில் நின்று படித்துப் படித்துப் பழகிக்கொண்டிருந்தவள் நான். "சோமனூர்லயே நடக்கும், வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டேன். எங்கே என்று அப்புறம்தான் யோசித்தேன்.

கூடல் நடக்கவிருந்த சனிக்கிழமை எங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை. பகலெல்லாம் தறி ஓடாது. தறி போட்டிருக்கும் எங்கள் குடோன் சும்மாதானே கிடக்கும்! என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்கு அவசர ஆர்டர் ஒன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கரண்டு வர்ற வரைக்கும் பேசுங்க. கரண்டு வந்தா தறி ஓடும், சொல்லிப்போட்டேன்."

சரி என்றேன்.

வந்தார்கள். தறிகளுக்கு நடுவே நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். மின்விசிறி இல்லை, மைக் இல்லை. சென்னைத் தம்பி, "புரொஜெக்டர் எங்கக்கா?" என்றான். "வாயில சொல்லு கண்ணு" என்றேன். காங்கேயத்திலிருந்து வந்த கல்லூரிப் பெண் தன் விண்கலத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாள். வியர்வை ஆறாக ஓடியது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

என்ன விற்கிறோம் என்று பார்க்க வந்த பக்கத்துத் தறிக்காரர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "போன மாசத்துக்குத் திரும்பப் போயி, அன்னைக்கு வெலைக்கு நூல் வாங்கிட்டு வரலாமுங்களா?" குடோனே சிரித்தது. அப்புறம் அதையே வெகுநேரம் விவாதித்தார்கள். அவரும் விடவில்லை.

கூடலை நடத்துகிறவள் என்பதால் என் கதையைக் கடைசியில் வைத்திருந்தேன். நிலாவில் தறி ஓட்டப் போன ஒருத்தி, காற்றில்லாத அந்த இடத்தில் தறி சத்தமே போடாததைக் கண்டு மிரள்வதுதான் கதை. முதல் பக்கம் முடியவில்லை, பளிச்சென்று டியூப்லைட் எரிந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்டு வந்துவிட்டது, பாவி! வீதியில் ஒவ்வொரு குடோனாக ஓட ஆரம்பிக்க, தடதடவென்று சுவர் அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து போய்த் தறிகளுக்கான மெயின் சுவிட்சில் கை வைத்தார்.

"சொன்ன சொல்லு சொல்லுதானுங்க. ஆனா இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது!" என்றேன்.

பதிலுக்கு நிற்கவில்லை. வந்தவர்கள் முகம் சுளிக்கக்கூடாதே என்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த தொண்டையை அவிழ்த்துவிட்டேன். மெதுவாவது, மண்ணாங்கட்டியாவது! மைக்காவது!

பாதியில் நிமிர்ந்து, "கடைசில கேக்குதுங்களா?" என்றேன்.

சுவிட்சில் வைத்த கையை எடுக்காமலே என் வீட்டுக்காரர் கத்தினார்: "கேக்குது, நீ படி அம்மணி!"

கடைசி வரிவரை படித்தேன். அதற்கப்புறம்தான் எங்கள் தறி ஓடியது.